முயலின் கண்ணுக்குப் பதில் முட்டைச் சவ்வு: கண் எரிச்சல் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஷாம்பு, முகம் கழுவும் ஜெல், கண் சொட்டு மருந்து என்று கண்ணில் படக்கூடிய எதைப் புதிதாகத் தயாரித்தாலும், அது கண்ணை உறுத்துமா என்று பார்த்தாக வேண்டும். இதற்கான பழைய முறையான டிரெய்ஸ் சோதனையில் முயலின் கீழ் இமையை இழுத்து உள்ளே 0.1 மி.லி. விடுவார்கள். மற்றக் கண்ணை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு 21 நாள் வரை சிவப்பு, வீக்கம், கருவிழி மங்கல் என்று குறிப்பெடுப்பார்கள். முயல் கண்ணீர் குறைவாகச் சுரக்கும் பிராணி. விழுந்ததை எளிதில் கழுவித் தள்ள அதனால் முடியாது.

அந்த வேலையின் பெரும்பகுதியை ஒன்பது நாள் அடைவைத்த கோழிமுட்டையின் சவ்வில் செய்துவிடலாம். ஆய்வுக்கூடங்களில் இதை ஹெட்-கேம் என்பார்கள். ஓட்டுக்கு அடியில் கரு மூச்சுவிடுவதற்காக வளரும் அந்தச் சவ்வு முழுக்க இரத்த நாளங்கள்; நரம்பு இழைகள் இல்லை. உறுத்தும் பொருள் பட்டால் விழிவெண்படல நாளங்களைப் போலவே இந்த நாளங்களும் கசியும், சிதையும், உறையும். ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

எம்.ஃபார்ம் மாணவர்களோடு பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். சொட்டு விடும் அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. அதற்கு முந்தைய பத்து நாளில்தான் தவறுகிறார்கள். பிறகு "இந்த முறை சரியில்லை சார், முயலிலேயே பார்த்துவிடலாம்" என்று வந்து நிற்கிறார்கள். அப்படி ஒருவர்கூட வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1. சோதனை தேவைதானா என்று முதலில் பாருங்கள்

அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவியை எடுத்து மாதிரியை அளந்துவிடுங்கள். 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே இருந்தால் அந்தப் பொருள் கண்ணை அரிக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு முட்டையையும் உடைக்கத் தேவையில்லை. கலவையைத் திருத்திவிட்டு வாருங்கள்.

அடுத்து, நிறம். ஒரு பெட்ரி தட்டைச் செய்தித்தாளின் மேல் வைத்து, அதில் 0.3 மி.லி. மாதிரியை விட்டுப் பாருங்கள். கீழே இருக்கும் எழுத்து படிக்க வந்தால் சவ்வின் நாளமும் தெரியும். படிக்க முடியாவிட்டால் இந்தச் சோதனை அந்த மாதிரிக்கு ஆகாது. கண்மையும் கெட்டியான மூலிகைச் சாறும் பெரும்பாலும் இங்கேயே கழிந்துவிடும். ஒரு மாணவி கரிசலாங்கண்ணிச் சாற்றை 12 முட்டைகளில் விட்டுவிட்டு, நாளம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். செய்தித்தாள் பழக்கம் அதன் பிறகு வந்ததுதான்.

அப்படிப்பட்ட மாதிரிகளுக்குக் கறிக்கோழியின் கண்ணை வைத்துச் செய்யும் முறை இருக்கிறது. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டி 438. அதில் பொருளைக் கழுவிவிட்டுக் கருவிழியின் வீக்கத்தையும் மங்கலையும் அளப்பதால் நிறம் பெரிய தடையாக இருக்காது. கடையில் வெந்நீரில் முக்குவதற்கு முன்பே தலையை வாங்கி, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். அது தனி வேலை, இங்கே விரிக்கவில்லை.

2. அனுமதிக் கடிதம்

ஒன்பது நாள் கோழிக்கருவுக்கு முழு விண்ணப்பம் வேண்டுமா, தகவல் கடிதம் போதுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு சொல்லட்டும். எந்தப் பதிலாக இருந்தாலும் கையெழுத்தோடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆய்விதழ்கள் இதைக் கேட்கும். சோதனை முடிந்த பிறகு தேதி போட்டு வாங்கும் கடிதம் செல்லாது.

விண்ணப்பத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "10-ஆம் நாளுக்கு மேல் எந்த முட்டையும் அடையில் வைக்கப்படாது." குஞ்சு பொரிக்க 21 நாள் ஆகும். நாள் கூடக் கூடக் கருவின் நரம்பு மண்டலம் வளர்ந்துகொண்டே போகிறது. ஜெர்மனியில் முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டறிந்து கருவை அகற்றும் தொழிலுக்குக்கூட 12-ஆம் நாளோடு எல்லை போட்டிருக்கிறார்கள். முயலைக் காப்பாற்ற வந்த நாம் இந்தக் கணக்கில் அலட்சியமாக இருக்கக்கூடாது.

3. எத்தனை முட்டை, எந்தக் கிழமை

ஒரு மாதிரிக்குக் குறைந்தது 3 முட்டை. உங்களிடம் நான்கு கலவைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 12. மருந்து சேர்க்காத வெறும் அடிக்கலவைக்கு 3. உறுத்தாத ஒப்பீடாக 0.9 சதவீத உப்புநீருக்கு 3. உறுத்தும் ஒப்பீடுகளாக 1 சதவீத சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்கு 3, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 3. ஆக 24.

நான் 36 அடைவைப்பேன். கரு பிடிக்காதவை, நடுவில் இறப்பவை, ஓடு திறக்கும்போது நாளம் கிழிபவை என்று கழிந்துகொண்டே இருக்கும். முதன்முறை செய்கிறவர் பழகுவதற்கு மேலும் ஆறு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அடிக்கலவைக்கான மூன்று முட்டையைப் பலரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அதை விட்டுவிட்டால், உறுத்தியது மருந்தா, ஜெல்லில் போட்ட பதப்படுத்தியா என்று கடைசிவரை தெரியாது. திரும்ப 24 முட்டை வைக்க நேரும்.

கிழமையை இப்போதே பாருங்கள். அடைவைக்கும் நாளைப் பூஜ்யமாகக் கொண்டால் 9-ஆம் நாள் சோதனை. வெள்ளிக்கிழமை வைத்தால் 9-ஆம் நாள் ஞாயிறு, ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். "திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினால் 10-ஆம் நாள். சவ்வும் நாளமும் வேறு நிலையில் இருக்கும், மற்ற தொகுதிகளோடு ஒப்பிட முடியாது. செவ்வாயில் வையுங்கள். மறு புதன் கரு வளர்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது, வியாழன் சோதனை, வெள்ளி சுத்தம் செய்வதும் கணக்கு எழுதுவதும்.

4. முட்டை வாங்குவது

எல்லாரும் இடறும் இடம் இதுதான்.

மளிகைக் கடை முட்டையில் கரு கிடையாது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருப்பவை முட்டையிடும் பெட்டைகள் மட்டுமே. சேவல் சேராத முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் அது அழுகும், வளராது. தெரிந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தி. ஆனால் ஊரில் கோழி வளர்ப்பதைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இரண்டு தட்டு கடை முட்டையோடு வருகிறார்கள்.

"நான் கேட்டு நாட்டுக்கோழி முட்டையாத்தான் வாங்கினேன் சார்" என்று ஒருவர் சொன்னார். சேவலோடு திரியும் கோழியின் முட்டை என்பதால் அதில் கரு இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எந்த நாள் இட்டது என்று யாருக்கும் தெரியாது, எடை ஆளுக்கொன்றாக இருக்கும், ஓட்டின் நிறம் வெளிச்சத்தை மறைக்கும். ஒரே மாதிரியான முட்டை இருந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

தாய்க்கோழிப் பண்ணைக்கோ குஞ்சு பொரிப்பகத்துக்கோ நேரடியாகப் போய் "ஒயிட் லெக்ஹார்ன், அடைக்கு வைக்கிற முட்டை, இட்டு ஏழு நாளுக்குள்" என்று கேளுங்கள். எடை 50 முதல் 60 கிராம். வெள்ளை ஓடு என்பதால் உள்ளே தெளிவாகத் தெரியும். எந்தத் தேதியில் இட்டவை என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பண்ணைக்காரர்களுக்கு இந்தச் சோதனை என்னவென்று விளக்கிச் சொன்னால் நன்றாகவே உதவுகிறார்கள். எங்களுக்கு முட்டை தரும் அண்ணன் ஒருவர் கரு பிடிக்கும் விகிதம் குறையும் வாரங்களை அவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த முட்டையை அப்படியே சூட்டில் வைத்துவிடாதீர்கள். குலுங்கியதில் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை தளர்ந்திருக்கும். அகன்ற முனை மேலே இருக்கும்படி, குளிர்ந்த இடத்தில் ஓரிரவு அசையாமல் வையுங்கள். வெயில் காலத்தில் சாதாரண அறை 35 டிகிரி தாண்டும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்றுபோகும். குளிரூட்டிய அறைதான் சரி.

கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சுதான் கிருமியை உள்ளே விடாமல் காக்கிறது. அழுக்கான முட்டையை ஒதுக்கிவிடுங்கள். எண் போடப் பென்சில் மட்டும். பேனா மை ஓட்டின் துளைகள் வழியாக இறங்கும்.

5. ஒன்பது நாள் அடை

விசிறி வைத்த இன்குபேட்டரில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாததில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியும் இருக்கும் என்பதால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 டிகிரி வரை வைப்பது வழக்கம். இயந்திரத்தின் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், தனி வெப்பமானி ஒன்றை முட்டைகளுக்கு நடுவே வையுங்கள். காலியாக இரண்டு நாள் ஓடவிட்டு, சூடு நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே முட்டையை வையுங்கள்.

ஈரப்பதம் 58 முதல் 60 சதவீதம். நுண்ணுயிரியல் துறையில் இருக்கும் பாக்டீரியா இன்குபேட்டரைக் கடன் வாங்குகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். சூடு சரியாக இருக்கும், உள்ளே காற்று வறண்டிருக்கும். முட்டையிலிருந்து நீர் ஆவியாகி, காற்றறை பெரிதாகி, 9-ஆம் நாள் சவ்வு ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரிக்கும்போது இரத்தம் வரும். அந்த இரத்தத்தை மருந்தின் மேல் எழுதிவிடுவோம். ஒரு தட்டு நிறையத் தண்ணீர் வைத்து ஈரப்பதமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

திருப்புவது: தானியங்கி இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஐந்து முறை கையால் பாதி சுற்று. ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுவிட்டால் எது திரும்பியது என்று தெரியும். ஐந்து என்ற ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. இரவின் நீண்ட இடைவெளியில் முட்டை தினமும் ஒரே பக்கம் கிடக்கக்கூடாது; கிடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மின்வெட்டுக்கு இப்போதே வழி செய்யுங்கள். ஒரு தொகுதி முழுவதும் எங்களுக்கு ஓரிரவில் போயிற்று. இரவுக் காவலர் வழக்கம்போலத் துறையின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை, தவறு எங்களுடையது. காலையில் 30 முட்டையும் சில்லிட்டிருந்தன. இப்போது இன்குபேட்டருக்குத் தனி இணைப்பும் யுபிஎஸ்ஸும் இருக்கின்றன. சுவிட்சின் மேல் "உயிர் இருக்கிறது, அணைக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

6. எட்டாம் நாள்: வெளிச்சத்தில் பார்ப்பது

அறையை இருட்டாக்கி, முட்டையின் அகன்ற முனையில் எல்இடி டார்ச்சை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நாளங்கள் பரவி, நடுவில் ஒரு கரும்புள்ளி அசைந்தால் கரு நன்றாக இருக்கிறது. உள்ளே தெளிவாக, வெறும் மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால் கரு பிடிக்கவில்லை. நாளங்கள் மறைந்து சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. பின்னிரண்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். உள்ளே வைத்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும்.

ஒரு முட்டைக்குச் சில விநாடி போதும். பழைய குண்டு பல்பு வேண்டாம், சூடு இறங்கும்.

இன்றோடு திருப்புவதை நிறுத்திவிட்டு அகன்ற முனை மேலே வரும்படி நிறுத்தி வையுங்கள். அப்போதுதான் நாளை காற்றறைக்கு நேர் கீழே சவ்வு சமமாக விரிந்திருக்கும்.

7. கரைசல்களைத் தயாரித்துச் சூடாக்குதல்

இதை ஒன்பதாம் நாள் காலையில், ஒரு முட்டையைக்கூடத் திறப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஓட்டைத் திறந்துவிட்டு எடை போடப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் சவ்வு காய்ந்துவிடும்.

உப்புநீரும் எல்லா மாதிரிகளும் 37 டிகிரி நீர்த்தொட்டியில் இருக்கட்டும். குளிர்ந்த துளி பட்டாலே நாளங்கள் சுருங்கும். அதைப் பார்த்துவிட்டு நாளம் மறைந்தது என்று எழுதுவார்கள்.

நீரில் கரையாத பொருளுக்கு ஆலிவ் எண்ணெய். ஆல்கஹாலில் கரைக்காதீர்கள், ஆல்கஹாலே சவ்வை உறைய வைக்கும். எந்தக் கரைப்பானாக இருந்தாலும் அதற்கென்று தனியாக மூன்று முட்டை வேண்டும்.

மாதிரிக் குப்பிகளில் பெயரை மறைத்து எண் போட ஒருவரிடம் சொல்லுங்கள். நம் கலவை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடு பார்க்கிற கண்ணுக்குக் கசிவு பத்து விநாடி தாமதமாகத்தான் தெரியும்.

8. ஓட்டைத் திறப்பது

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முட்டை ஓட்டில் சால்மோனெல்லா இருக்கலாம். ஏசியின் காற்று நேராக மேசையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்குபேட்டரிலிருந்து ஒவ்வொரு முட்டையாக எடுங்கள். ஆறை ஒன்றாக வெளியே வைத்தால் ஆறாவது முட்டை குளிர்ந்திருக்கும்.

வெளிச்சத்தில் வைத்துக் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் வரையுங்கள். வெட்டு எப்போதும் இந்தக் கோட்டுக்கு மேலேதான். கோட்டுக்குக் கீழே போனால் நேராக நாளத்தில் இறங்கும்.

பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறிய வெட்டுச் சக்கரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் முனையில் ஊசியால் ஒரு துளை போட்டு, வளைந்த சிறு கத்தரிக்கோலால் சுற்றி நறுக்குங்கள். கத்தரியின் முனை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். ஓட்டுத் தூள் விழுந்தால் ஊதாதீர்கள், இடுக்கியால் எடுங்கள்.

இப்போது தெரியும் வெள்ளைத் தோல் நமக்கு வேண்டிய சவ்வு அல்ல. அது ஓட்டின் உள்தோல். இதன் மேலேயே மாதிரியை விட்டு "எதுவும் நடக்கவில்லை, மிகவும் பாதுகாப்பானது" என்று முடிவு எழுதிய ஆய்வேட்டை நான் திருத்தியிருக்கிறேன். ஒப்பீட்டுக்கு விட்ட சோடியம் ஹைட்ராக்சைடு காரத்துக்கும் அந்த ஏட்டில் "எதுவும் நடக்கவில்லை" என்றே இருந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தாலே பிழை பிடிபட்டிருக்கும்.

வெள்ளைத் தோலின் மேல் சூடான உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு முழுவதும் நனையுங்கள். முட்டையைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்துச் சில நிமிடம் ஊறவிடுங்கள்; அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு உப்புநீரை மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டு, இடுக்கியால் தோலின் ஓரத்தைப் பிடித்துக் கிடைமட்டமாக இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் கீழே இருக்கும் சவ்வும் கூடவே வந்து கிழியும். நன்றாக ஊறியிருந்தால் வேகவைத்த முட்டையின் தோல் உரிவது போலத் தானாக வரும். வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் நனையுங்கள்.

கீழே பளபளவென்று நாளங்கள் தெரியும். துளி இரத்தம் கசிந்திருந்தாலும் அந்த முட்டை கழிந்தது. "ஓரத்தில்தானே, நடுவில் நன்றாக இருக்கிறது" என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

9. முந்நூறு விநாடி

இருவர் வேண்டும். ஒருவர் விட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்ப்பார். மற்றவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். தனியாகச் செய்தால் எழுதத் தலை குனியும் நொடியில்தான் கசிவு தொடங்கும். கைப்பேசியை ஒரு தாங்கியில் மாட்டி, கடிகாரமும் சட்டத்துக்குள் வரும்படி காணொளி எடுத்துவிடுங்கள்.

முதலில் உப்புநீர் முட்டைகள் மூன்று. அவற்றில் ஒன்றில் கசிவு வந்தாலும் அன்றைய வேலையை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு. முதல் நிமிடத்துக்குள்ளேயே பாதிப்பு தெரிய வேண்டும். இரண்டும் சரியாக வந்த பிறகே உங்கள் மாதிரி. பெரும்பாலோர் ஒப்பீடுகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அவை பொய்த்துப்போனதும் மொத்த நாளையும் இழக்கிறார்கள்.

மாதிரி 0.3 மி.லி.; திடப்பொருள் என்றால் நன்றாகப் பொடித்து 0.3 கிராம். பைப்பெட்டின் முனை சவ்வில் படாமல், துளி மட்டும் மெல்லப் படும்படி விடுங்கள். துளி தொட்ட கணம் பூஜ்யம். நாளத்தை மறைக்கும் ஜெல், பொடி என்றால் 20 விநாடி கழித்துச் சூடான உப்புநீரால் கழுவிவிட்டுப் பார்க்கலாம். ஆனால் அதே தொகுதியின் எல்லா முட்டைக்கும் ஒரே விதி. கழுவியதை அறிக்கையில் எழுத வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று.

இரத்தக் கசிவு: நாளத்துக்கு வெளியே இரத்தம் வருவது. புள்ளியாகத் தொடங்கிப் பூப்போல விரியும். நாளம் வெறுமனே சிவந்து தடிப்பது கசிவு ஆகாது. புதியவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான்.

நாளச் சிதைவு: முன்பு தெரிந்த சிறு நாளங்கள் கரைந்து மறைவது. இதைப் பிடிக்க வேண்டுமென்றால் முன்னால் என்ன தெரிந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். துளி விடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

உறைவு: நாளத்துக்குள் இரத்தம் கட்டிக் கருத்து நிற்பது, அல்லது சவ்வு வெந்தது போல வெண்மையாவது. உங்கள் மாதிரியே பால் போல இருந்தால் அந்த வெண்மையை உறைவு என்று எழுதிவிடும் அபாயம் உண்டு.

ஒவ்வொன்றும் முதன்முதலாகத் தெரிந்த விநாடியை மட்டும் எழுதுங்கள். 300-ஆவது விநாடியில் நிறுத்துங்கள். அதன் பிறகு வருவது கணக்கில் இல்லை.

10. கணக்கு

301-இலிருந்து கசிவு தொடங்கிய விநாடியைக் கழித்து, 300-ஆல் வகுத்து, 5-ஆல் பெருக்குங்கள். சிதைவுக்கும் அதேபோல், ஆனால் 7-ஆல். உறைவுக்கு 9-ஆல். மூன்றையும் கூட்டினால் அந்த முட்டையின் எரிச்சல் மதிப்பெண். அதிகபட்சம் 21.

எடுத்துக்காட்டு: கசிவு 20-ஆவது விநாடியில், சிதைவு 50-இல், உறைவு இல்லை. கசிவுக்கு 4.68, சிதைவுக்கு 5.86, உறைவுக்கு 0. மொத்தம் 10.54.

எக்செல்லில் போடுகிறவர்கள் கவனியுங்கள். நடக்காத விளைவுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டால், எக்செல் அதைப் பூஜ்ய விநாடி என்று எடுத்துக்கொண்டு முழு மதிப்பெண் கொடுத்துவிடும். ஒரு மாணவரின் உப்புநீர் முட்டைக்கு 21.07 வந்தது. அதிகபட்சத்தையே தாண்டியிருந்ததால் கண்டுபிடித்தோம். மூன்றில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. நடக்காததற்கு 301 என்று எழுதுங்கள். விடை தானாகப் பூஜ்யம் ஆகும்.

மூன்று முட்டையின் சராசரி 0.9 வரை உறுத்தாதது, 1 முதல் 4.9 வரை லேசானது, 5 முதல் 8.9 வரை நடுத்தரம், 9 முதல் 21 வரை கடுமையானது. சராசரியோடு மூன்று தனி எண்களையும் அறிக்கையில் கொடுங்கள். 2, 3, 11 என்று வந்தால் சராசரியான 5.33-க்குப் பொருளே இல்லை. காணொளியைத் திரும்பப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னும் மூன்று முட்டையில் செய்யுங்கள்.

11. இந்த எண்ணை வைத்து என்ன சொல்லலாம்

பத்துக் கலவைகளில் கடுமையாக உறுத்தும் ஐந்தை முதல் வாரத்திலேயே கழித்துவிடலாம். இந்தச் சோதனையின் பெரிய பயன் அதுதான். அந்த ஐந்தும் இனி எந்த முயலின் கண்ணுக்கும் போகாது. பதப்படுத்தியை மாற்றினால், சோப்புப் பொருளைக் குறைத்தால் எவ்வளவு குறைகிறது என்று அடுத்தடுத்த கலவைகளை ஒப்பிடவும் இது நன்றாக உதவும்.

புண் ஆறுமா, எத்தனை நாளில் ஆறும் என்று இது சொல்லாது. உள்ளதைவிடக் கடுமையாகக் காட்டும் பக்கம் சாய்வதும் உண்டு, குறிப்பாக ஆல்கஹால் வகைகளுக்கு. ஓஇசிடி வரிசையில் இதற்கென்று தனி வழிகாட்டி எண் இல்லை. எனவே ஒழுங்குமுறை அமைப்புக்குக் கொடுக்கும்போது இதை மட்டும் வைத்து நிற்க முடியாது; கறிக்கூடத்து மாட்டுக் கருவிழியில் செய்யும் 437, கோழிக் கண்ணின் 438, மனித உயிரணுக்களால் வளர்த்த கருவிழிப் படலத்தின் 492 ஆகியவற்றில் பொருத்தமானதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அழகுசாதனப் பொருள் என்றால் முயலுக்குத் திரும்பும் பேச்சே இல்லை: இந்தியாவில் 2014 முதல் அதற்கு விலங்குச் சோதனை தடை.

ஆய்வேட்டின் முடிவுரையில் "கண்ணுக்கு முற்றிலும் பாதுகாப்பானது" என்று எழுதாதீர்கள். "முட்டைச் சவ்வுச் சோதனையில் உறுத்தல் தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

12. சோதனைக்குப் பிறகு

திறந்த முட்டையைத் திரும்ப அடையில் வைக்கவோ, மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவோ கூடாது. 300 விநாடி முடிந்ததும் தட்டோடு மைனஸ் 20 டிகிரி உறைபெட்டிக்குள் வைத்து ஓரிரவு விடுங்கள். பயன்படுத்தாமல் மிஞ்சிய முட்டைகளுக்கும் அன்றே அதே வழி. "இன்னொரு நாள் பழகலாம்" என்று வைத்துக்கொண்டால் 10-ஆம் நாள் எல்லை தாண்டிவிடும்.

மறுநாள் மஞ்சள் பையில் மருத்துவக் கழிவாகப் போகட்டும். ஊசியும் வெட்டுச் சக்கரமும் வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவில். எந்த முட்டையையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, நாய்க்கும் போடக்கூடாது.

குறிப்பேட்டில் கடைசியாக ஒரு பட்டியல்: எத்தனை வாங்கியது, எத்தனையில் கரு பிடித்தது, எத்தனை இறந்தது, எத்தனை திறக்கும்போது கிழிந்தது, எத்தனை கணக்கில் வந்தது. கிழிந்தவை எட்டு என்றால் எட்டு என்றே எழுதுங்கள். அடுத்த முறை 36-க்குப் பதில் 30 போதுமா என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.